தாளம் ஏட்டில் இருக்கிறது, கையில் நிற்கவில்லை: தரம் 8, 9 மாணவருக்கு எப்படிக் கற்பிப்பது?

வினா: சுருதிப்பெட்டி

வணக்கம். யாழ்ப்பாண மாவட்டத்துக் கலவன் பாடசாலை ஒன்றில் தரம் 8, 9 வகுப்புகளுக்குக் கர்நாடக சங்கீதம் கற்பிக்கிறேன். ஒரு வகுப்பில் 36 பேர் இருக்கிறார்கள். ஒரு பாடவேளை 40 நிமிடம். அதில் ஐந்து நிமிடம் வருகைப் பதிவிலும் பாய் விரிப்பதிலும் போய்விடும்.

சதுஸ்ர ஜாதித் திரிபுடை தாளத்தின் அங்கங்களைக் கேட்டால், ஒரு லகு, இரண்டு திருதம், 4+2+2, ஆக எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை, என்று எல்லாரும் பிழையின்றி எழுதுகிறார்கள். அதே தாளத்தை ஆதி தாளம் என்று கையில் போடச் சொல்லி, மாயாமாளவகௌளை இராகத்தில் ஒரு ஸ்வர வரிசையை இரண்டாம் காலத்தில் (இரட்டை வேகத்தில்) பாடத் தொடங்கினால், மூன்றாவது ஆவர்த்தனத்துக்குள் (தாளச் சுற்றுக்குள்) வகுப்பு முழுவதும் வேகம் கூடி ஓடத் தொடங்கிவிடுகிறது. சிலர் விரல் எண்ணும்போதே மற்றவர்கள் வீச்சுக்கு வந்துவிடுகிறார்கள். இராகத்திலும் இதே கதைதான். சங்கராபரணம் 29ஆவது மேளம் (தாய் இராகம்), கல்யாணி 65ஆவது மேளம், வேறுபாடு மத்திமம் (ம) என்ற ஸ்வரம் மட்டுமே என்று ஒப்பிப்பவர்கள், நான் பாடிக் காட்டினால் எது எதுவென்று சொல்லத் தடுமாறுகிறார்கள். இவை போதாதென்று, குரல் உடையும் வயதில் இருக்கும் தரம் 9 மாணவர்கள் பின்வரிசையில் வாயைத் திறக்காமல் அமர்ந்திருக்கிறார்கள்.

எழுத்துத் தேர்வில் புள்ளிகள் குறையாததால் அதிபரோ பெற்றோரோ இதை ஒரு குறையாக எண்ணுவதில்லை. ஆனால் நான் கற்பிப்பது சங்கீதமா, சங்கீதத்தைப் பற்றிய மனனமா என்ற கேள்வி எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

மறுமொழி: அரையிடம்

அன்புள்ள ஆசிரியைக்கு, நான் மிருதங்கம் கற்பிப்பவன் என்பதால் தாளத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பிள்ளைகள் ஓடுவதற்குக் காரணம் அவர்களுடைய அவசரம் என்று நாம் நினைத்துக் கண்டிக்கிறோம். உண்மையில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையிலுள்ள நேரம் அவர்களுக்கு வெறுமையாக இருக்கிறது. வெறுமையான இடத்தைக் கடக்க எவரும் விரைவார்கள். ஆகவே கை எட்டு அட்சரத்தைப் போடும்போது, ஒவ்வோர் அட்சரத்துக்குள்ளும் ‘தகதிமி’ என்று வாயால் சொல்ல வையுங்கள். முதலில் உரத்து, பிறகு முணுமுணுப்பாக, பிறகு மனத்துக்குள் மட்டும். அதன்பின் ஓர் ஆவர்த்தனம் சொல்லி அடுத்த ஆவர்த்தனம் முழுவதும் மௌனமாக இருந்து, கண்களை மூடியபடி சமத்தில் (ஆவர்த்தனத்தின் தொடக்கத்தில்) எல்லாரும் ‘தா’ என்று சேர வேண்டும். முதல் நாள் 36 ‘தா’க்கள் மழைத்துளிபோல் சிதறி விழும். சிரித்துவிட்டு மீண்டும் செய்யுங்கள்.

அது நிலைத்த பிறகு, கையின் வேகத்தை மாற்றாமல் வாயில் ‘தகிட’ என்று, அட்சரத்துக்கு மூன்று வரும் திஸ்ர நடைக்குப் போகச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்குக் கையும் சேர்ந்து மாறிவிடும். ஆகவே இருவரை எதிரெதிரே அமர்த்தி, ஒருவர் தாளம் போட மற்றவர் ‘தகிட’ போன்ற சொற்கட்டைச் சொல்லும்படி செய்தால், எங்கே நழுவுகிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். கைத்தொலைபேசியிலுள்ள தாளச் செயலியைத் தொடக்கத்திலிருந்தே ஓடவிடுவதை நான் விரும்புவதில்லை. அது ஒலிக்கும்வரை பிள்ளை அதன் பின்னால் போகும். நிறுத்தியவுடன் மறுபடியும் ஓடும். பயிற்சியின் முடிவில், எவ்வளவு விலகினோம் என்று பார்ப்பதற்கு அது போதும்.

உங்கள் மாணவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஏழு தாளங்களுக்கான பயிற்சிகளாகிய ஏழு அலங்காரங்களில் மட்டியம் 4+2+4. மிஸ்ர ஜாதி ஜம்பை 7+1+2. இரண்டும் பத்து அட்சரம். துருவம் 4+2+4+4, கண்ட ஜாதி அட தாளம் 5+5+2+2, இரண்டும் பதினான்கு. கூட்டுத்தொகை ஒன்றாக இருந்தும் இவை ஏன் வேறு தாளங்கள் என்ற கேள்விக்குக் கரும்பலகையில் விடை இல்லை. ‘ஸரிகரி ஸரி ஸரிகம’ என்ற மட்டிய வரியையும் ‘ஸரிகஸரிஸரி க ம,’ என்ற ஜம்பை வரியையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாளத்தோடு பாட வையுங்கள்.

தரம் 9இல் விருப்பமுள்ளவர்களுக்குத் தீர்மானம், அதாவது ஒரு சொற்கட்டை மூன்று முறை சொல்லிச் சமத்தில் முடிப்பது, வைக்கக் கற்றுக்கொடுக்கலாம். ஆதி தாளத்தின் பாதி நான்கு அட்சரம். தகதிமி நடையில், அட்சரத்துக்கு நான்காக, 16 மாத்திரை. ‘ததிங்கிணதொம்’ ஐந்து மாத்திரை; மூன்று முறை சொன்னால் 15. அப்படியானால் எத்தனை மாத்திரை விட்டுத் தொடங்கினால் அடுத்த சமம் சரியாக வந்து விழும்? இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ளலாம்.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியை

மேலே எழுதியவரோடு உடன்படுகிறேன். கேள்வி ஞானத்தைப் பற்றி என் பங்குக்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

இராகப் பெயரைக் கேட்பதை ஒரு தவணைக்கு நிறுத்திவையுங்கள், மகளே. பாடவேளையின் முதல் ஐந்து நிமிடம் சுருதியோடு ஸட்ஜத்தை (ஸ) மட்டும் நீட்டிப் பாடட்டும். பிறகு நீங்கள் ஆரோகணமாகப் பாடிச் சென்று நிஷாதத்தில் நிறுத்துங்கள். மேல் ஸட்ஜத்தை அவர்கள் பாடி முடிக்கட்டும். இன்னொரு நாள் ரிஷபத்தில் இறங்கி நின்றுவிடுங்கள். ‘முடியவில்லை’ என்ற தவிப்பு அவர்களுக்கு வந்தால் ஸட்ஜம் பிடிபட்டுவிட்டது என்று பொருள். அதற்கடுத்துப் பஞ்சமம். இவ்விரண்டும் காதில் ஊன்றாமல் மத்திமத்தைப் பிரித்தறியச் சொல்வது நியாயமில்லை.

சங்கராபரணத்தையும் கல்யாணியையும் முழுமையாகப் பாடி வேறுபாட்டைக் கேட்பதும் அவர்களுக்குப் பெரிய பாரம். கமகத்தில் மத்திமம் அசைந்துகொண்டிருக்கும்; புதிய காது அதை எங்கே பிடிக்கும்? ‘கமப’ என்ற மூன்று ஸ்வரங்களை மட்டும் அசைவின்றி, ஒருமுறை சுத்த மத்திமத்தோடும் ஒருமுறை பிரதி மத்திமத்தோடும் பாடுங்கள். பஞ்சமத்தை நெருங்கி நிற்பது எது என்று மட்டும் கேளுங்கள். பெயர் பின்னால் வரட்டும்.

பாடசாலையில் கீபோர்டு இருந்தால் கிரகபேதத்தையும் (ஸட்ஜத்தை இடம் மாற்றி வேறு இராகம் பெறுவதையும்) காதாலேயே கற்பிக்கலாம். கறுப்புக் கட்டைகளை மட்டும் பயன்படுத்துங்கள். மூன்றாகச் சேர்ந்திருக்கும் கறுப்புக் கட்டைகளில் முதலாவதை ஸட்ஜமாகக் கொண்டால் மோகனம், இரண்டாவது மத்தியமாவதி, மூன்றாவது இந்தோளம். இரண்டாகச் சேர்ந்திருப்பவற்றில் முதலாவது சுத்தசாவேரி, இரண்டாவது சுத்த தன்யாசி. ஒவ்வொரு முறையும் அந்தந்த ஸட்ஜத்துக்குச் சுருதியை மாற்றி ஒலிக்கவிட மறக்காதீர்கள்; சுருதி மாறாவிட்டால் பிள்ளைகளுக்கு எல்லாம் மோகனமாகவே கேட்கும். நான் முதல்முறை அதை மறந்து, வகுப்பின் முன் அசடு வழிந்திருக்கிறேன்.

கோயில் திருவிழாக் காலத்தையும் விட்டுவிடாதீர்கள். சுவாமி எழுந்தருளும்போது நாதஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரி பெரும்பாலும் கம்பீரநாட்டையில் அமைவது. அதைத் திரிகாலத்தில் (மூன்று வேகங்களில்) வாசிக்கும்போது, ஒரே வரிசை தாளத்துக்குள் இரட்டித்துச் செல்வதைத் தெளிவாகக் கேட்கலாம். அடுத்த வாரம் எந்த இடத்தில் காலம் மாறியது என்று கேளுங்கள்.

சுருதிப்பெட்டி

இருவருக்கும் நன்றி. ஐந்து வாரம் செய்து பார்த்த பின் எழுதுகிறேன்.

மௌன ஆவர்த்தனம் தரம் 8இல் நன்றாகப் பிடித்துவிட்டது. இப்போது இரண்டு ஆவர்த்தனம் மௌனமாக இருந்தும் பெரும்பாலானவர்கள் சமத்தில் சேர்கிறார்கள். மட்டியத்தையும் ஜம்பையையும் அடுத்தடுத்துப் பாடியபோது ஒரு மாணவன், ‘மட்டியம் நடக்கிறது, ஜம்பை நொண்டுகிறது’ என்றான். இதை எந்த விடைத்தாளிலும் நான் கண்டதில்லை. திஸ்ர நடைக்கு மாறும் பயிற்சி மட்டும் இன்னும் தோல்விதான்: எதிரெதிரே அமர்த்தினாலும் கை போடுபவர் சொற்கட்டைச் சொல்பவரின் பின்னால் இழுபட்டுப் போகிறார். பின்வரிசை மாணவர்களின் பாடும் சிக்கலும் அப்படியே இருக்கிறது.

மறுமொழி: வாவிக்கரை

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் வடமோடிக் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். கூத்தைப் பயிற்றும் அண்ணாவியார் மத்தளத்தோடு தாளக்கட்டைச் சொல்லச் சொல்ல, ஆடுபவர்கள் ஆடுகளமான களரியைச் சுற்றி ஆடிப் பழகுகிறார்கள். அட்சரத்தை எண்ணி எவரும் ஆடுவதில்லை. கால் தவறினால் அடுத்தவரோடு மோதிக்கொள்வதால் உடனே தெரிந்துவிடும். இதை வைத்துச் சொல்கிறேன்: அரையிடம் அவர்கள் சொன்ன திஸ்ர நடைப் பயிற்சியைக் கையிலிருந்து தொடங்கியதுதான் சிக்கலாக இருக்கலாம். மேசைகளை ஒதுக்கிவிட்டு வட்டமாக நடக்க வையுங்கள். ஓர் அடிக்கு ஓர் அட்சரம். கால் மாறாமல் நடந்துகொண்டிருக்கும்போது, தகதிமியிலிருந்து தகிடவுக்கு வாய் மட்டும் மாறட்டும். உடலின் எடை காலில் இருப்பதால் அது கையைப்போல் எளிதில் இழுபடாது. காவடிச் சிந்தின் திஸ்ர நடை உங்கள் பிள்ளைகளுக்கும் பழக்கமானதுதானே. அதைப் பாடியபடி நடக்கச் செய்தால் தகிட தானாகவே வரும்.

குரல் உடையும் மாணவர்களைப் பாடவே வேண்டாம் என்று விட்டுவிடுவதும், மாணவியரின் 5 கட்டை என்ற உயர்ந்த சுருதியில் மேல் ஸட்ஜம்வரை பாடச் சொல்லி வற்புறுத்துவதும் தவறு என்பது என் கருத்து. நான் அவர்களை, நாதஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கும் ஒத்து ஊதுபவர்களைப்போல் ஆக்கினேன். மாணவியர் 5 கட்டையில் வரிசையைப் பாடும்போது, இவர்கள் ஸட்ஜத்தையோ மந்தர (கீழ்) பஞ்சமத்தையோ மட்டும் நீட்டிப் பிடிக்க வேண்டும்; குரல் இடறினால் மூச்செடுத்து மீண்டும் சேர்ந்துகொள்ளலாம். மற்ற நேரத்தில் தாளமும் சொற்கட்டும் அவர்களுடைய பொறுப்பு. குரல் நிலைபெற்ற பிறகு 1 கட்டையை ஒட்டிய தாழ்ந்த சுருதியில் தனியாகப் பாடவைத்துப் பாருங்கள். செய்முறைத் தேர்வு நெருங்கும்வரை காத்திருக்காமல், மாதம் ஒருமுறையாவது ஒவ்வொருவருக்கும் ஏற்ற சுருதியைச் சோதித்துக் குறித்துவைப்பது நல்லது. இந்த வயதில் அது மாறிக்கொண்டே இருக்கும்.

மறுமொழி: அரையிடம்

காலிலிருந்து தொடங்குவதே சரி, ஏற்றுக்கொள்கிறேன். தவிலும் மிருதங்கமும் பழகியவர்கள் எல்லாவற்றையும் கைக்குள்ளேயே தேடுகிறோம். ஒரே ஒரு திருத்தம்: வட்டமாக நடக்கும்போது 36 பேரும் ஒன்றாக நடந்தால் காலடிச் சத்தத்தில் சொற்கட்டு கேட்காது. பன்னிரண்டு பேர் நடக்கட்டும். மற்றவர்கள் சுவரோரம் அமர்ந்து தாளம் போடட்டும். செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள்.