கதவைச் சாத்த முடியாத சிறுமி: மாயப் புனைவில் மனவடு ஆறுவதை எவ்வாறு எழுதுவது?

கேள்வி – வெள்ளவத்தை வாசகி

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டு முதல் பதினைந்து வயது வரையான பிள்ளைகளுக்காக மாயப் புனைவு நாவல் ஒன்றை இரண்டு ஆண்டுகளாக எழுதி வருகிறேன். கதாநாயகியின் பெயர் தாழை. அவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது நிழற்படையினர் ஓர் இரவில் தீவுக்குள் புகுந்து ஊரைக் கொளுத்துகிறார்கள். தாய் அவளை நெற்பெட்டகத்துக்குள் ஒளித்து வைத்துவிட்டுப் போகிறாள். சிறிது நேரத்தில் அண்ணன் வந்து வெளியிலிருந்து தட்டுகிறான். பயத்தில் தாழையின் கை எழவில்லை. தட்டும் ஓசை நின்றுவிடுகிறது. பதின்மூன்றாவது வயதில், பூட்டிய எதையும் குரலால் திறக்கும் ஆற்றல் அவளுக்குக் கிடைக்கிறது. ஒன்பதாம் அத்தியாயத்தில் நிழலரசனின் கற்கோட்டையைத் திறந்து அவனை வீழ்த்துகிறாள். பத்தாம் அத்தியாயத்தில் ஊர் திரும்பி, தோழிகளோடு சிரித்துப் பேசியபடி கூழ் குடிக்கிறாள். கதை முடிகிறது.

தரம் 8இல் படிக்கும் என் பெறாமகள் பிரதியை ஒரே இருப்பில் வாசித்து முடித்துவிட்டு, "சித்தி, இனி அவள் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பாளா?" என்று கேட்டாள். தாழை கதவைத் திறந்து வைத்தே உறங்குவாள் என்று இரண்டாம் அத்தியாயத்தில் எழுதியிருந்ததை நானே மறந்து போயிருந்தேன். பகைவனை வென்றதோடு அவளுடைய காயமும் ஆறிவிட்டதாகக் காட்டியது பொய்யென்று இப்போது படுகிறது. கதையின் வேகம் கெடாமல், வாசிக்கும் பிள்ளைகளையும் அச்சுறுத்தாமல், அந்த ஆறுதலை எப்படி எழுதலாம்?

மறுமொழி 1 – கொட்டாஞ்சேனை உளவளத்துணையாளர்

உங்கள் பெறாமகளின் கேள்வியை விடச் சிறந்த விமர்சனம் இந்த நாவலுக்குக் கிடைக்கப்போவதில்லை. மனவடுவைப் பற்றிப் பேசும்போது நாங்கள் முதலில் பார்ப்பது உறக்கத்தையும் கதவையும் உணவையும்தான்.

ஐந்து வயதில் நேர்ந்ததைப் பிள்ளை வரிசைப்படி நினைவில் வைத்திருப்பதில்லை. ஓர் ஓசை, ஒரு புகைநாற்றம், இருட்டில் நெல்லின் சொரசொரப்பு என்று துண்டு துண்டாகவே அது உடலில் தங்கியிருக்கும். தாழை அந்த இரவை எட்டு ஆண்டுகளுக்குப் பின் கோவையாக விவரிக்கும் பகுதி ஏதும் இருந்தால் அதை ஐயத்தோடு பாருங்கள். யாரோ அம்மியில் குழவியைத் தட்டும்போது அவள் கை மரத்துப் போவது அதைவிட நம்பத்தகுந்தது. அந்த வயதுப் பிள்ளைகள் நடந்த தீமைக்குத் தாங்களே காரணம் என்று எளிதில் நம்பிவிடுவதையும் மறக்க வேண்டாம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்து சென்ற பின்னர் இலங்கையின் கிழக்கில் சில மாதங்கள் பணியாற்றினேன். அங்கே ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் நாள்தோறும் மணலில் வீடு கட்டி, சிரட்டையால் தண்ணீர் ஊற்றி அதை அழிப்பான். நாங்கள் தடுக்கவில்லை, பக்கத்தில் அமர்ந்திருந்தோம். பல வாரங்களுக்குப் பிறகு ஒரு நாள் ஈர்க்குகளைக் கட்டி ஓர் ஏணி செய்து, அதை அந்த வீட்டின் மேல் சாய்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினான். வீடு அன்றும் கரைந்தது, ஆனால் விளையாட்டு மாறிவிட்டது. நான் கண்ட ஆறுதல் அவ்வளவுதான். அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் நிகழவில்லை.

அமெரிக்க உளமருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளியான தமது நூலில், மீட்சியை மூன்று கட்டங்களாகக் காண்கிறார்: முதலில் பாதுகாப்பு, பின்னர் நினைவுகூர்தலும் துக்கம் காத்தலும், அதன்பின் மனிதரோடு மீண்டும் இணைதல். இவை ஏணிப்படிகள் அல்ல. மூன்றாவதில் நிற்கும் பிள்ளை ஒரு வெடிச்சத்தத்தில் முதலாவதற்குத் திரும்பக்கூடும். உங்கள் கதையில் தாழை அண்ணனுக்காக ஒரு முறையாவது அழுகிறாளா? நடுக்கட்டம் முழுவதையும் போர் விழுங்கிவிட்டது போலத் தெரிகிறது. எரிந்தது ஊர் முழுவதும் என்பதையும் கவனியுங்கள். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நமது சூழலில் கூட்டு மனவடு குறித்து விரிவாக எழுதியிருக்கிறார். ஊர் தன் இழப்பைப் பேசாதிருக்கும்போது ஒரு சிறுமி மட்டும் தனித்து ஆறிவிட முடியாது.

மறுமொழி 2 – ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா கூறியவை பயனுள்ளவை. ஆயினும் நாவல் ஒரு சிகிச்சைப் பதிவேடாகிவிடக் கூடாது என்பதே என் கவலை. மூன்று கட்டங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் அத்தியாயங்களில் மருந்துக்கடை வாடை வீசும்.

மாயமும் துயரமும் கலந்த இளம் நாயகி நமக்குப் புதியவள் அல்லள். மணிமேகலையை மணிமேகலா தெய்வம் உறக்கத்திலேயே தூக்கிச் சென்று மணிபல்லவத்தில் விட்டுவிடுகிறது. விழித்தவள் தனிமையில் திகைத்து, மதுரையில் வெட்டுண்ட தந்தை கோவலனை நினைத்து 'ஐயாவோ' என்று அழுகிறாள். அவள் அழுத பிறகே புத்தரின் பாதபீடிகை அவள்முன் தோன்றுகிறது. சாத்தனார் அந்த அழுகையைத் தாண்டிக் குதித்து அற்புதத்துக்குப் போகவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். அமுதசுரபி கைக்கு வந்துவிட்டதென்று அது உடனே பெருகிவிடவில்லை. முதற்பிச்சையை ஆதிரை இட வேண்டியிருந்தது. அந்த ஆதிரை யார்? கணவன் கடலில் மாண்டான் என்று கேட்டுத் தீயில் இறங்கி, தீயும் சுடாமல் மீண்டவள். மந்திரப் பாத்திரத்துக்கும்கூடத் துயரறிந்த இன்னொருத்தியின் கை தேவைப்பட்டது. தாழையின் ஆற்றலுக்கு அப்படி ஒரு கை எங்கே இருக்கிறது? ஊரில் மகனைப் பறிகொடுத்த கிழவி ஒருத்தி இருந்தால் போதும். அவள் அறிவுரை எதுவும் சொல்ல வேண்டாம். ஐம்பத்தேழாவது ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குச் சென்று அந்த இரு காதைகளையும் உரையோடு ஒரு முறை வாசித்துவிட்டு வாருங்கள். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு அதைச் செய்யாவிட்டால் நான் கோபிப்பேன்.

மறுமொழி 3 – பம்பலப்பிட்டி மாணவி

நான் பதினெட்டு வயது வாசகி. இரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறேன். பூட்டுகளைத் திறக்கும் ஆற்றல் கிடைத்த நாளில் தாழை மகிழ்ந்திருக்க மாட்டாள். "இது அன்று இருந்திருந்தால்" என்றுதான் முதலில் நினைத்திருப்பாள். ஆற்றல் அவளுடைய குற்றவுணர்வைக் கூட்டவே செய்யும். அதை நீங்கள் எழுதியே ஆக வேண்டும். அடுத்து, தயவுசெய்து அவளை நிழலரசனை மன்னிக்க வைக்காதீர்கள். காயப்பட்ட பெண்பிள்ளை கடைசியில் மன்னித்தால்தான் நல்லவள் என்ற முடிவை வாசித்து வாசித்துச் சலித்துவிட்டது.

கேள்வியாளரின் மறுமொழி – வெள்ளவத்தை வாசகி

மூவருக்கும் நன்றி. தங்கை சொன்ன "அன்று இருந்திருந்தால்" என்ற வரியை வாசித்துவிட்டு நெடுநேரம் எழுத முடியவில்லை; நாவலின் நடுப்பகுதி அதுதான் என்பது இப்போது விளங்குகிறது. ஆசிரியர் ஐயா, நூலகத்துக்குச் சனிக்கிழமை போகிறேன், கோபிக்க வேண்டாம்.

நிழலரசனின் வீழ்ச்சியை ஏழாம் அத்தியாயத்துக்கு முன்னகர்த்தியிருக்கிறேன். மீதி மூன்றும் ஊரில் நடக்கின்றன. எரியாமல் எஞ்சிய அந்த நெற்பெட்டகத்தை ஒரு கிழவி கோழி அடைக்கப் பயன்படுத்தி வருகிறாள். தாழை அதன் அருகே போகவே நாள்கள் எடுக்கின்றன. ஒரு காலை கிழவி வெளியிலிருந்து பலகையை மெல்லத் தட்டுகிறாள், கோழிகளை எழுப்புவதற்காக. தாழை ஓடிப் போய்ப் படலைக்கு வெளியே நின்று வாந்தி எடுக்கிறாள். மறுநாளும் வருகிறாள். மூடியைத் தன் குரலால் திறக்காமல் கையால் திறக்கிறாள். கோழிகள் வெளியே வருகின்றன. அண்ணனின் பெயரைக் கிழவியிடம் முதன்முறையாகச் சொல்கிறாள்.

கதவைப் பற்றிய கேள்விக்கும் பெறாமகளிடம் பதில் சொல்லிவிட்டேன். அன்றிரவு தாழை கதவைப் பாதி சாத்திவிட்டு, இடையில் ஒரு செருப்பை வைத்துக்கொண்டு படுக்கிறாள். "ஒரு செருப்புப் போதாது, சித்தி, காற்றடித்தால் சாத்திவிடும், அம்மிக்குழவியை வையுங்கள்" என்றாள். குழவியையே வைத்திருக்கிறேன்.