புதுப்பிப்பு: சபையில் எச்.ஐ.வி. பற்றிப் பேசிவிட்டேன்

எங்கள் சபை வாலிபர் கூட்டத்திலிருந்து எச்.ஐ.வி. தடுப்புப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள், திரும்பி வந்து நான் பேச வேண்டும், ஆணுறை என்ற சொல்லே வாயில் வரவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். தைரியம் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பயிற்சியில் எச்.ஐ.வி.யோடு பல வருடங்களாக வாழும் ஒரு அக்கா சாட்சி சொன்னார். டீ இடைவேளையில் அவர் பிஸ்கட் தட்டை என்னிடம் நீட்டியபோது என் கை ஒரு நொடி தயங்கியது, சேர்ந்து சாப்பிட்டால் தொற்றாது என்று காலையில்தான் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அக்கா அதைக் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரவு ஜெபத்தில் உட்கார்ந்தால் அந்தத் தட்டு மட்டும்தான் கண்முன் நின்றது. மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். "சரி தம்பி, வா, சாப்பிடலாம்" என்றார்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இதைத்தான் முதலில் சொன்னேன். அப்புறம் ஆணுறை, எச்.ஐ.வி. உள்ளவர் அதைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரையைத் தினமும் எடுத்து, உடலில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு வழியாகப் பரவாது என்பது, அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், ரகசியம், எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்கு அழைக்கலாம் என எல்லாவற்றையும் சொன்னேன், குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை.

கூட்டம் கலைந்தபின் ஒருவர் தனியாக வந்து, பரிசோதனைக்கு என்கூட வருவீர்களா என்று கேட்டார். சனிக்கிழமை போகிறோம்.