வெங்காயத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் ஒரே கொட்டகை போதுமா?

மேட்டுக்காடு:
பெரம்பலூர் பக்கம், கரிசல் நிலம். மூன்று ஏக்கர் சின்ன வெங்காயம், நான்கு ஏக்கர் மக்காச்சோளம். அப்பா காலத்திலிருந்து வெங்காயத்தைக் கீற்றுக் கூரை போட்ட பட்டறையில்தான் போட்டு வைக்கிறோம். இப்போது கீற்று மாற்ற ஆள் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கிறது. அதனால் கிணற்று மேட்டில் இருபதுக்கு முப்பது அடியில் நாலு பக்கமும் சுவர் வைத்து, தகரக் கூரை போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். ஒரு பக்கம் வெங்காயம், இன்னொரு பக்கம் மக்காச்சோள மூட்டை, மூலையில் உரமும் மருந்தும். கொத்தனார் அடுத்த வாரம் அளவு பார்க்க வருகிறார். சரியாக வருமா?

கட்டுமானக்காரன்:
தாராளமாகக் கட்டுங்கள் தம்பி. கீற்றுக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை செலவு, எலி, கரையான், தீ பயம் வேறு. ஒரு தடவை நன்றாகக் கட்டிவிட்டால் இருபது வருடம் அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம். ஆனால் கரிசலில் சாதாரணமாக அஸ்திவாரக் குழி தோண்டிச் சுவர் எழுப்பாதீர்கள். மழையில் மண் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும், சுவரும் கூடவே விரிசல் விடும். கரிசலைத் தாண்டிக் கெட்டித் தரை வரைக்கும் தூண் இறக்கி, தரை மட்டத்தில் கான்கிரீட் பெல்ட் போட்டு இணையுங்கள். தளத்துக்குக் கீழே கரிசலை எடுத்துவிட்டுக் கிராவல் கொட்டித் திமிசு போட வேண்டும்.

பழையபட்டறை:
அண்ணன் கட்டடத்தைப் பற்றிச் சொன்னது சரி. உள்ளே வைக்கப்போகும் பொருளைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே. வெங்காயம் பறித்த பிறகும் உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடுகிறது, சூடும் ஈரமும் வெளிவிடுகிறது. நாலு சுவருக்குள் சிமெண்டுத் தரையில் குவித்தால் அந்த ஈரம் எங்கே போகும்? அடியில் இருப்பது அழுகும், நடுவில் இருப்பது முளைக்கும். பட்டறையில் நம் பெரியவர்கள் கல் அடுக்கி, அதன் மேல் மூங்கில் கழி பரப்பி, பக்கத்தில் படல் கட்டினார்கள். அது வசதி இல்லாததால் செய்த வேலை இல்லை. கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் காற்று வர வேண்டும் என்று தெரிந்து செய்தது. மகாராஷ்டிராவில் பெரிய வெங்காயத்துக்குப் போடும் ‘காந்தா சாள்’ கொட்டகையும் இதே அமைப்புதான், மரத்துக்குப் பதில் இரும்பு.

கமிஷன்மண்டி:
நான் வாங்கி விற்கிறவன். ஒரு கேள்வி கேட்கிறேன். மூன்று ஏக்கர் வெங்காயத்தையும் எதற்கு வைக்க வேண்டும்? வைக்க வைக்க எடை குறையும். விலை ஏறும் என்ற நம்பிக்கையில் வைப்பது சூது மாதிரி. 2023 டிசம்பர் 8-ம் தேதி மத்திய அரசு ஏற்றுமதிக்குத் தடை போட்டது, 2024 மே மாதம்தான் எடுத்தது. அப்போது சரக்கு வைத்திருந்தவர்கள் கொட்டகை நன்றாக இருந்ததால் தப்பித்தார்களா? விதை வெங்காயத்தை மட்டும் வையுங்கள். ஏக்கருக்கு ஐந்நூறு, அறுநூறு கிலோ. மூன்று ஏக்கருக்கு இரண்டு டன்னுக்குள் அடங்கிவிடும். அதற்கு ஒரு சின்னப் பட்டறை போதும், லட்சக்கணக்கில் செலவு எதற்கு?

பழையபட்டறை:
மண்டி அண்ணே, தடை ஒரு வருடம் வந்தது. அறுவடை நேரத்தில் எல்லோரும் ஒரே வாரத்தில் மண்டிக்குக் கொண்டுவந்து விலை விழுவது வருடா வருடம் நடக்கிறது. அந்த வாரத்தில் விற்றே தீர வேண்டும் என்ற நிலையில் விவசாயி இருந்தால் யாருக்கு லாபம் என்று உங்களுக்கே தெரியும். ஆறு மாதம் வைக்கச் சொல்லவில்லை. ஒன்றரை, இரண்டு மாதம் தள்ளி, பாதி பாதியாக விற்கும் தெம்பு வேண்டும். அதற்குத்தான் இடம்.

கமிஷன்மண்டி:
எல்லா மண்டிக்காரரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அழுகல் கலந்து வரும் சரக்கைத் தரம் பிரித்து நஷ்டப்படுவது நாங்கள்தான். வைப்பதாக இருந்தால் பறிப்பதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்தச் சொல்லுங்கள். தாள் காய்ந்து கழுத்துச் சுருங்கிய பிறகு உள்ளே போகட்டும். பச்சைக் கழுத்தோடு வைத்ததை எந்தக் கொட்டகையும் காப்பாற்றாது. இதில் மட்டும் நமக்குள் சண்டை இல்லை என்று நினைக்கிறேன்.

பழையபட்டறை:
இதில் சண்டையே இல்லை அண்ணே.

தம்பி, அளவுக்கு வருகிறேன். ஏக்கருக்கு ஐந்து, ஆறு டன் என்றால் மொத்தம் பதினெட்டு டன் வரை. தாள் நீக்கிய வெங்காயம் ஒரு கன மீட்டரில் சுமார் அரை டன் பிடிக்கும், தாளோடு என்றால் இன்னும் குறைவு. நாலடி அகலம், ஐந்தடி உயரத்துக்கு மேல் குவிக்கக்கூடாது. அதற்கு மேல் போனால் அடியில் நசுங்கும், நடுவில் காற்று எட்டாது. அந்தக் கணக்கில் ஒரே வரிசையாக அறுபத்தைந்து அடி நீளம் வேண்டும், இரண்டு வரிசை என்றால் முப்பத்து மூன்று அடி. நீங்கள் சொன்ன இருபதுக்கு முப்பதில் பாதி இடத்தில் இது அடங்கவே அடங்காது.

தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயர்த்துங்கள். ஒற்றை வரிசை என்றால் நீளம் தெற்கு வடக்காக இருக்கட்டும், ஆடிக்காற்று அகலப் பக்கத்தில் மோதி உள்ளே போகும். இரட்டை வரிசைக்குக் கிழக்கு மேற்கு, நடுச்சந்து வழியாகக் காற்று ஓடும்.

கட்டுமானக்காரன்:
சரி, வெங்காயத்துக்குச் சுவர் வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். கீற்றுக் கூரையை ஒத்துக்கொள்ள மாட்டேன். தகரம் சூடாகும் என்றுதானே சொல்வீர்கள்? ஓரத்தில் எட்டடி உயரம் வையுங்கள், முகட்டில் சூடு வெளியேற வழி விடுங்கள், தகரத்துக்கு அடியில் ஒரு வரிசை கீற்றோ சோளத்தட்டையோ கட்டுங்கள், சூடு இறங்காது. ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கே இருந்து சாய்வாக அடிக்கிற மழைக்குக் கூரையை நாலடி வெளியே நீட்டினால்தான் வெங்காயம் நனையாது. கீற்றில் அவ்வளவு நீட்டினால் தொங்கிவிடும்.

நீட்டுகிற கூரையைக் காற்று கீழிருந்து தூக்கும் என்பதையும் மறக்காதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது டெல்டா பக்கம் பறந்த தகரங்களை நேரில் பார்த்தேன். தகரத்தைப் பிடிக்கும் ஜே போல்ட்டை எண்ணிக்கை குறைத்துப் போடாதீர்கள், தூண் அடியில் கான்கிரீட்டோடு பிடித்திருக்க வேண்டும்.

மேட்டுக்காடு:
அப்படியானால் மக்காச்சோளத்தை அதே கூரைக்குக் கீழே ஒரு தடுப்புப் போட்டு வைக்கலாமா? இரண்டு கட்டடம் என்றால் பணம் இடிக்கிறது.

பழையபட்டறை:
வேண்டாம் தம்பி. மக்காச்சோளத்துக்கு வேண்டியது நேர் எதிர். பன்னிரண்டு சதவீத ஈரத்துக்குக் காயவைத்து, மூடிய அறையில், மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். வெங்காயம் விடுகிற ஈரம் பட்டால் பூஞ்சாணம் பிடிக்கும். அதிலிருந்து வரும் அஃப்ளாடாக்சின் நஞ்சு கோழித் தீவனத்துக்கே ஆகாது, அப்புறம் யார் வாங்குவார்கள்? வண்டு விழுந்து மருந்துப் புகைமூட்டம் போட வேண்டி வந்தாலும் அறை காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். அந்த வேலையையும் அதற்கு அனுமதி பெற்றவர்கள்தான் செய்யலாம். பூச்சிமருந்து இந்த இரண்டு பக்கமும் வரவே கூடாது, பூட்டு போட்ட தனிப் பெட்டி வையுங்கள். யூரியா காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், அதுவும் தனி.

கட்டுமானக்காரன்:
நாலு ஏக்கர் மக்காச்சோளத்துக்குப் பதினைந்துக்கு இருபது அடி அறை தாராளம். அதற்கு மட்டும் சுவர் வைத்தால் செங்கல், சிமெண்டு செலவு நன்றாகக் குறையும். மிச்சப் பணத்தில் வெங்காயத்துக்கு இரும்புத் தூண் நிறுத்துங்கள். இரண்டு கூரைக்கும் நடுவே பத்தடியாவது இடைவெளி விடுங்கள், வண்டி நிறுத்தவும் ஆகும்.

கமிஷன்மண்டி:
பணம் இடிக்கிறது என்றால் மானியத்தைக் கேட்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். மத்திய அரசின் தோட்டக்கலை இயக்கத்தின் 2014 வழிகாட்டுதலில் 25 டன் வெங்காயக் கொட்டகைக்கு மதிப்பு 1.75 லட்சம், அதில் பாதி, அதாவது 87,500 ரூபாய் மானியம். தொகை இப்போது மாறியிருக்கும், வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். முதலில் விண்ணப்பம், பணி ஆணை, அப்புறம்தான் கட்டடம். கட்டி முடித்து ஆய்வு செய்த பிறகே பணம் வரும், அதனால் முழுச் செலவையும் முதலில் நீங்கள்தான் போட வேண்டியிருக்கும். கடன் வாங்குவதாக இருந்தால் 2020-ல் வந்த வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் மூன்று சதவீத வட்டிச் சலுகை அறிவித்தார்கள், இப்போதும் உண்டா என்று கேளுங்கள். முழு விளைச்சலையும் வைக்கக்கூடாது என்ற என் கருத்தில் மாற்றமில்லை. எப்படியும் கட்டப்போகிறீர்கள், கையிலிருந்து போகிற பணம் குறையட்டும்.

மேட்டுக்காடு:
கொத்தனாரை இந்த வாரம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளைக்குத் தோட்டக்கலை அலுவலகம் போகிறேன். முதலில் வெங்காயக் கொட்டகை, இரட்டை வரிசை, கிழக்கு மேற்காக. சோள அறை தை அறுவடைக்குள். கட்டுமானக்கார அண்ணே, எங்கள் மேட்டில் கரிசல் ஐந்தடி ஆழம் வரைக்கும் போகிறது. தூணுக்கு அவ்வளவும் தோண்டத்தான் வேண்டுமா?

கட்டுமானக்காரன்:
ஆமாம் தம்பி, தோண்டத்தான் வேண்டும். அங்கே கஞ்சத்தனம் பார்த்தால் மேலே எது போட்டாலும் நிற்காது. குழி தோண்டியதும் உள்ளே படம் எடுத்துப் போடுங்கள், மண்ணைப் பார்த்துவிட்டுக் கம்பி அளவு சொல்கிறேன்.