புதுப்பிப்பு: படத்தில் ஒளித்த செய்தி ஜேபெக்கில் தப்புமா?

படத்தின் ஒவ்வொரு பிக்சலிலும் (நிறப் புள்ளியிலும்) நிற எண்களின் கடைசி பிட்டை (0 அல்லது 1 என்ற இலக்கத்தை) மாற்றி ரகசியச் செய்தியை ஒளிப்பது பற்றி முந்தைய இழையில் எழுதியிருந்தேன். சிவப்பின் அளவு 200 என்பது 201 ஆனால் யார் கண்ணுக்கும் தெரியாது. 1920×1080 படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என நிறத்துக்கு ஒரு பிட் வீதம் 7,77,600 பைட் செய்தி கொள்ளும். அந்தப் படத்தை ஜேபெக்காக (JPEG, படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் வடிவம்) மாற்றினால் செய்தி தப்புமா என்று சிலர் கேட்டார்கள்.

தப்பாது. ஜேபெக், படத்தை 8×8 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அலைவெண்களாக (நிறம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைக் காட்டும் எண்களாக) மாற்றி, அவற்றை வகுத்து முழு எண்ணாக்கும். கண்ணுக்குப் படாத நுணுக்கங்கள் அங்கேயே கழிந்துவிடும். நாம் ஒளித்ததும் அதில்தானே! 2001-ல் ஆண்ட்ரியாஸ் வெஸ்ட்ஃபெல்ட் என்ற ஆய்வாளர் வெளியிட்ட எஃப்5 (F5) என்ற ஒளிக்கும் முறை, வகுத்து முடித்த எண்களில் கைவைப்பதால் ஜேபெக்கிலேயே நிற்கும். ஆனால் மெசேஜ் செயலி படத்தை மறுபடி சுருக்கினால் அதுவும் போச்சு. சுருக்காமல் அப்படியே கோப்பாக அனுப்ப வேண்டும்.

வீடியோவிலும் இதே தொல்லைதான். இடம் தாராளம், நகர்வைக் குறிக்கும் திசையன்களில்கூட (எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று சொல்லும் எண்கள்) ஒளிக்கலாம். தளத்தில் ஏற்றியதும் மறுசுருக்கம் நடந்தால் எல்லாம் கலைந்துவிடும்.

அப்புறம், "கண்டுபிடிக்கவே முடியாதா?" என்ற கேள்வி. முடியும். இயல்பான படத்தில் 200-ம் 201-ம் வெவ்வேறு எண்ணிக்கையில் இருக்கும். கடைசி பிட்களை மறையாக்கிய (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிய) செய்தியால் நிரப்பினால் இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடும். கை-வர்க்கச் சோதனை (chi-square என்ற புள்ளியியல் சோதனை) பிடிப்பது இதைத்தான். என்னைக் கேட்டால், இருக்கும் இடத்தில் சிறு பங்கை மட்டும், அங்கங்கே சிதறலாகப் பயன்படுத்துங்கள். செய்தியை மறையாக்கம் செய்த பிறகே ஒளியுங்கள்.