துப்பாக்கியைச் சுழற்றுவது வீரமா, வித்தையா?

நிலவன்:
அமெரிக்க மரீன் படையின் 'சைலண்ட் டிரில் பிளட்டூன்' காணொளி பார்த்தேன். 24 பேர், கையில் பயனெட் கத்தி மாட்டிய எம்1 கேரண்ட் துப்பாக்கி, எடை ஏறக்குறைய நாலே முக்கால் கிலோ. கட்டளையும் இல்லை, இசையும் இல்லை, ஒரே நேரத்தில் சுழற்றுகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இதற்கும் போருக்கும் என்ன சம்பந்தம்? துப்பாக்கி பிடிப்பவனுக்கு முதல் பாடமே குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான். இவர்கள் அதைப் பம்பரமாக ஆக்கிவிட்டார்கள். இது சர்க்கஸ்.

மூன்றாம்வரிசை:
நிலவன், அதே காணொளியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். இத்தனை உள்ளங்கைகள் துப்பாக்கியின் மரப்பகுதியில் அறைவது ஒரே அறையாகக் கேட்கும். கல்லூரி நாளில் நானும் துப்பாக்கி டிரில் செய்தவன். சுழற்றல் எல்லாம் இல்லை, தோளிலிருந்து தரைக்கு இறக்குவது மட்டும். ஒன்பது பேர்தான். மூன்று வாரம் ஆகியும் 'டப்' என்று வரவில்லை, 'டபடப' என்றுதான் வந்தது. பயிற்சியாளர் திட்ட மாட்டார், "பட்டாணி கொட்டுது" என்று மட்டும் சொல்வார். திரும்பிப் பார்க்கவும் கூடாது. பக்கத்து ஆளின் முழங்கை கடைக்கண்ணில் லேசாக அசையும், அதை வைத்துத்தான் எல்லாம். கட்டளையே இல்லாமல் 24 பேர் செய்வது எனக்கு இன்னும் நம்ப முடியாத விஷயம்.

நிலவன்:
கஷ்டம் என்பதற்காக அது பயனுள்ளது ஆகிவிடுமா? 1600-ஐ ஒட்டி டச்சுத் தளபதி மாரிஸின் படையில், துப்பாக்கியில் மருந்து கெட்டித்துச் சுடுவதையே 40-க்கும் மேற்பட்ட அசைவுகளாகப் பிரித்துப் பழக்கினார்கள். கையில் எரியும் திரி, இடுப்பில் வெடிமருந்து. ஒருவன் தப்பினால் பக்கத்தில் நிற்பவனுக்கும் ஆபத்து. அங்கே டிரில் தேவை. இப்போது எதற்கு? 1806-ல் ஜெர்மனியின் ஜெனாவில் நடந்த போரில் என்ன ஆனது? அணிவகுப்புக்குப் பேர்போன பிரஷ்யப் படையை நெப்போலியன் ஒரே நாளில் சிதறடித்தார்.

கடுகு:
ஜெனாவில் தோற்றது டிரில்லாலா? தளபதிகளுக்கு வயதாகிவிட்டது, யோசனையும் பழசு. பழியை அணிவகுப்பு மேல் போடாதீர்கள்.

சாம்பல்:
இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். இது ஆள் பிடிக்கும் விளம்பரம். கீழ்ப்படிதலை இவ்வளவு அழகாகக் காட்டினால் பதினெட்டு வயதுப் பையன் மயங்காமல் என்ன செய்வான்?

மூன்றாம்வரிசை:
மரீன்கள் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், அதுவும் ஒரு நோக்கம்தான். ஆனால் நார்வே அரசரின் மெய்க்காவல் படையும் இதே கேரண்டைச் சுழற்றுகிறது. அவர்கள் கட்டாய ராணுவ சேவைக்கு வந்தவர்கள். ஆளைப் பிடித்தாகிவிட்டது, அப்புறம் யாருக்கு விளம்பரம்? (அந்தப் படையில் மேஜர் ஜெனரல் பதவியில் எடின்பரோ மிருகக்காட்சிசாலைப் பென்குவின் ஒன்று இருக்கிறது. நிஜமாகத்தான்.)

நிலவன், சர்க்கஸ் என்றீர்களே, காணொளியில் துப்பாக்கிகளைச் சோதிக்கும் ஆய்வுக் கட்டத்தை மட்டும் மறுபடி பாருங்கள். ஆய்வாளர் ஒருவனிடமிருந்து துப்பாக்கியை வாங்கிச் சுழற்றி, கத்தியோடு அவனிடமே வீசுகிறார். அவன் முகத்தைப் பாருங்கள். கண் துப்பாக்கியைத் தேடவே இல்லை.

நிலவன்:
பார்த்தேன். இரண்டு தடவை. சர்க்கஸ்காரன் பிடித்ததும் கைதட்டலுக்காகச் சிரிப்பான், இவன் சிரிக்கவில்லை. அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன். போருக்கு உதவாது என்பதை மட்டும் விட மாட்டேன்.

கடுகு:
பென்குவின் டிரில் செய்யுமா?