1877 இல கனடா லண்டன் எப்பிடி வெண்டது? பேஸ்போல் தெரிஞ்சவை சொல்லுங்கோ

வட்டக்கச்சி வாசன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட கழகத்துக்கு நான் செயலாளர். பேர்தான் செயலாளர், வலை கட்டுறதில இருந்து தண்ணி அள்ளுறது வரைக்கும் என்ர தலையிலதான்.

அக்கான்ர மகன் கனடாவில இருந்து லீவுக்கு வந்து நிக்கிறான். இருக்கிறது ஒன்ராறியோ மாகாணத்து லண்டனில. தங்கட ஊர் 1877 இலேயே அமெரிக்க அணியளை வெண்டு பேஸ்போல் சாம்பியன் ஆனது எண்டு ஒரே புளுகு. தேடிப் பாத்தா உண்மையாம். ஆனா அதை மைனர் லீக், அதாவது கீழ்த்தர லீக் எண்டு போட்டுக் கிடக்கு. அந்த நேரம் இருபதாயிரம் சனம் அளவில இருந்த ஊர் எப்பிடி பிட்ஸ்பேர்க்கை விட மேல வந்தது? வந்த பிறகு ஏன் காணாமல் போச்சு? எங்கட பெடியளுக்கும் சொல்லலாம் எண்டுதான் கேக்கிறன்.

மாங்குளம் மென்பந்து:
பேஸ்போலோ? மட்டையால பந்தடிச்சு ஓடுற எங்கட எல்லே விளையாட்டை வெள்ளைக்காரன் கொண்டுபோய்க் கையுறை போட்டு விளையாடுறான், அவ்வளவுதான் 😄 பொறுங்கோ, முள்ளியவளை மாஸ்ரர் வருவார்.

முள்ளியவளை மாஸ்ரர்:
வாசன், மருமகன் புளுகேல்லை. நான் பீ.ரீ. மாஸ்ரரா இருந்து ஓய்வெடுத்த பிறகு, மூத்த மகளோட அந்த ஊரில கொஞ்சக் காலம் நிண்டனான். வேற வேலை என்ன, மைதானத்துக்குத்தான் போறது.

அணியின்ர பேர் ரெக்கம்சேஸ். 1877 மாசியில பிட்ஸ்பேர்க்கில கூடி இன்ரர்நசனல் அசோசியேசன் எண்டு ஒரு லீக் தொடங்கினவை. பிட்ஸ்பேர்க், றொச்செஸ்ரர், கொலம்பஸ், மான்செஸ்ரர், லின் எண்டு அமெரிக்கப் பக்கம் அஞ்சு ஊர். கனடாவில லண்டனும் குவெல்ப்பும். ரெக்கம்சேஸ் 14 வெண்டு 4 தோத்து முதலாவது. பிட்ஸ்பேர்க்கின்ர அலிகேனி அணி 13 வெண்டு 6 தோத்தது.

எப்பிடி வெண்டது? நீர் கழகக்காரர், உடன விளங்கும்: வெளியூர் ஆக்களை இறக்கினவை. கழகத் தலைவர் ஜேக்கப் எங்கிள்ஹார்ட் எண்ணெய் முதலாளி. 1880 இல இம்பீரியல் ஒயில் தொடங்கேக்க அதின்ர உபதலைவரே அவர்தான். குவெல்ப்புக்குப் பின்னால பியர் காய்ச்சுற ஜோர்ஜ் ஸ்லீமன். லண்டனுக்குப் பந்து போட்ட பிரெட் கோல்ட்ஸ்மித், கனெற்றிகட் மாநிலத்து ஆள். “எங்கட ஊர்ப் பெடியனுக்கு இடமில்லையோ” எண்டு இப்ப நீங்கள் கூட்டத்தில அடிபடுற அதே பிரச்சினை அங்கயும் இருந்திருக்கும்.

இதில எனக்குப் பிடிச்ச சங்கதி ஒண்டு. வளைஞ்சு போற பந்தை ஆர் கண்டுபிடிச்சது எண்ட வழக்கில ரெண்டு பேருக்கு உரிமை சொல்லுவினம். ஒருத்தர் இந்தக் கோல்ட்ஸ்மித். மற்றவர் கான்டி கமிங்ஸ். அவர்தான் அந்த லீக்கின்ர முதல் தலைவர், லின் அணிக்குப் பந்தும் போட்டவர். லீக் தலைவரே மைதானத்தில நிண்டா நடுவர் பாடு என்னவோ! 1939 இல பேஸ்போல் புகழ் மண்டபத்தில கமிங்ஸின்ர பேரைத்தான் ஏத்தினவை. கோல்ட்ஸ்மித் அந்த வருசமே செத்துப்போனார். ஆதாரம் கமிங்ஸ் பக்கம் எண்டுதான் சொல்லவேணும், என்ர மனசு மற்றப் பக்கம்.

மாங்குளம் தம்பி, நீர் பகிடிக்குச் சொன்னாலும் அந்த நேரத்து ஆட்டம் எல்லேக்குக் கிட்டத்தான். 45 அடியில நிண்டு, கையைக் கீழால கொண்டுவந்துதான் பந்து போடவேணும். அடிக்கிறவர் “மேல போடு, கீழ போடு” எண்டு கேக்கலாம், 1887 இலதான் அதை நிப்பாட்டினவை. கையுறையும் கனபேருக்கு இல்லை.

இனி, காணாமல் போன கதை. 1876 இல அமெரிக்காவில நசனல் லீக் எண்ட பெரிய லீக் வந்திட்டுது. 75,000 சனம் இருக்கிற நகரங்களுக்குத்தான் இடம் எண்டு விதி. எண்டாலும் 1877 வெற்றிக்குப் பிறகு லண்டனைக் கூப்பிட்டவை. ஆனா லீக்குக்கு வெளியில உள்ள அணியளோட சொந்த மைதானத்தில விளையாடக் கூடாது எண்டு நிபந்தனை. சின்ன ஊருக்கு அந்த ஆட்டங்களுக்குக் கேற்றில வாங்குற காசுதானே சீவியம்? இவை மாட்டம் எண்டிட்டினம். 1878 ஆவணியில அணியே கலைஞ்சுது. கோல்ட்ஸ்மித் 1880 இல சிகாகோவுக்கு.

பிறகு நடந்தது முழுக்கக் கடதாசியில. 1879 இல ஒவ்வொரு பெரிய அணியும் அஞ்சு ஆட்டக்காரரைத் தன்னோட கட்டி வைக்கலாம் எண்டு முடிவு. 1883 இல நோர்த்வெஸ்ரேண் எண்ட சின்ன லீக்கையும் சேர்த்து, ஒருத்தரின்ர ஆளை மற்றவர் தூக்கிறேல்லை எண்டு ஒப்பந்தம். 1901 இல அது குழம்ப, சின்ன லீக்குகள் சிகாகோவில ஒரு ஹோட்டலில கூடித் தங்களுக்கெண்டு சங்கம் அமைச்சு, ஏ, பீ, சீ, டீ எண்டு தரம் பிரிச்சவை. 1920களில சென்ற் லூயிஸ் கார்டினல்சின்ர பிராஞ்ச் றிக்கி சின்ன ஊர் அணியளையே வாங்கி ஆட்டக்காரரை வளர்க்கத் தொடங்கினார். லண்டன், குவெல்ப் மாதிரி ஊருகள் விளையாட்டில குறைஞ்சு போய் மைனர் ஆகேல்லை. ஆட்டக்காரன் ஆருக்குச் சொந்தம் எண்டு எழுதுற பேனை பெரிய நகரத்தின்ர கையில இருந்தது.

வட்டக்கச்சி வாசன்:
நன்றி மாஸ்ரர். மருமகன் வாசிச்சுப்போட்டு இப்ப இன்னும் கூடப் புளுகிறான். அந்த மைதானம் இப்பவும் இருக்கோ? பிறகு அங்க பெரிய அணி ஒண்டும் வரேல்லையோ?

முள்ளியவளை மாஸ்ரர்:
ஓம், இருக்கு. தேம்ஸ் ஆறு ரெண்டு கிளையும் சந்திக்கிற இடம். 1877 வைகாசி 3 இல திறந்தது. 1936 கடைசியில பியர் காய்ச்சுற லபாட் குடும்பம் மைதானத்தை 10,000 டொலரும் சேர்த்து நகரத்துக்குக் குடுக்க, அடுத்த சித்திரையே ஆறு பெருகி எல்லாத்தையும் அடிச்சுக்கொண்டு போச்சு. திரும்பக் கட்டினவை.

1989 இல டிற்றொயிற்றின்ர டபிள் ஏ அணி (பெரிய லீக்குக்கு ரெண்டு படி கீழ) அங்க வந்து, 1990 இல ஈஸ்ரேண் லீக்கை வெண்டது. 1993 ஓட முடிஞ்சுது, அடுத்த வருசம் நியூ ஜேர்சியில ட்ரென்ரனுக்குப் போயிட்டினம். மேஜர்ஸ் எண்ட உள்ளூர் அணிதான் 1925 இல இருந்து நிலைச்சு நிக்குது. மருமகனைக் கேளும், ஒருக்கால் எண்டாலும் ரிக்கெற் எடுத்துப் போய்ப் பாத்தவனோ எண்டு.