மறு: நுரையீரலில் காற்றும் குருதியும் – சொல் வேண்டும், அவசரம்

> உடற்கல்வி வகுப்புக்கான பாடக்குறிப்பு நாளை அச்சுக்குப் போகிறது. 'வெண்டிலேஷன்-பெர்ஃப்யூஷன் மேட்சிங்' (நுரையீரலின் காற்றுப்பைகளுக்குக் காற்று வருவதும் அங்கே குருதி ஓடுவதும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவது) என்பதற்கு இப்போதைக்கு 'வளி-குருதிச் சமநிலை' என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

சமநிலை வேண்டாம், தயவுசெய்து மாற்றிவிடுங்கள். சமம் என்றதும் இரண்டும் ஒரே அளவு என்றுதான் மாணவர் நினைப்பார். ஓய்வில் காற்றுப்பைகளுக்கு நிமிடத்துக்குச் சுமார் 4 லிட்டர் காற்று, நுரையீரல் வழியே சுமார் 5 லிட்டர் குருதி, விகிதம் 0.8. அதுவரை சரி. வேகமாக ஓடும்போது குருதி 20, 25 லிட்டர் ஆகும், காற்றோ 100-ஐயும் தாண்டிவிடும். அப்போது சமநிலை குலைந்தது என்றா எழுதுவோம்? மொத்த அளவு அல்ல இங்கே பேச்சு, காற்று போகிற பைக்குக் குருதியும் போய்ச் சேர்கிறதா என்பதுதான். நிமிர்ந்து நிற்பவருக்கு நுரையீரலின் உச்சியில் குருதி வரத்து குறைவு, விகிதம் 3 வரை இருக்கும், அடியில் 0.6-தான். ஓடத் தொடங்கியதும் நுரையீரல் தமனியில் அழுத்தம் கூடி, மேலே ஒடுங்கிக் கிடந்த நுண்குழாய்கள் திறந்துகொள்கின்றன, மேலுக்கும் கீழுக்கும் இருந்த வேறுபாடு குறைகிறது.

> பெர்ஃப்யூஷனுக்கு 'ஊடுபரவல்' இருக்கிறதே?

அது சவ்வூடு பரவலோடு போய் முட்டும். குருதி குழாய்க்குள்தான் ஓடுகிறது, சவ்வைத் தாண்டிப் பரவுவது ஆக்சிஜன். ஒரே பக்கத்தில் இரண்டுக்கும் பரவல் என்றால் தேர்வில் மாணவர் தடுமாறுவார். குருதியோட்டம் போதும்.

> 'வளி' அல்லது 'கால்' என்பதே தூய சொல். சங்கப் பாடல்களில் கால் என்றால் காற்று.

ஐயா, மறுக்கவில்லை. ஆனால் ஓட்டப் பயிற்சிப் பாடத்தில் 'கால்-குருதி' என்று எழுதினால் எல்லாரும் தொடைத் தசையைத்தான் நினைப்பார்கள். வளி என்றால் சித்த மருத்துவம் தெரிந்தவருக்கு வாதம், 'வளிமுதலா எண்ணிய மூன்று' என்று குறளும் அப்படித்தான் சொல்கிறது. காற்றும் நல்ல தமிழ்தானே, விளக்காமலே புரிகிறது.

என் பரிந்துரை 'காற்று-குருதிப் பொருத்தம்'. கெட்டால் பொருத்தமின்மை. மேல்-கீழ் வேறுபாடு குறைந்தாலும், கடும் உழைப்பில் பொருத்தமின்மை சற்றுக் கூடவும் செய்கிறது என்பதால் அந்தச் சொல்லும் நமக்குத் தேவைப்படும். எண்ணைச் சொல்லும் இடத்தில் மட்டும் விகிதம்.

---

> என் பரிந்துரை 'காற்று-குருதிப் பொருத்தம்'

நன்றி. மூன்று பேர் இதற்குச் சரி என்றிருக்கிறார்கள், 'இசைவு' என்று ஒருவர். பொருத்தம் என்றே மாற்றி அனுப்பிவிடுகிறேன், இனி நேரமில்லை.

---

அச்சுக்குப் போகட்டும், நான் தடுக்கவில்லை. ஆனாலும் என் மறுப்பு மறுப்புதான். பொருத்தம் என்பது இருக்கிற நிலையைச் சொல்கிற சொல். ஒரு பகுதியில் ஆக்சிஜன் குறைந்தால் அங்குள்ள சிறு தமனிகள் தாமே சுருங்கி, நல்ல காற்று வரும் பக்கம் குருதியைத் திருப்பிவிடுகின்றன. உடம்பின் மற்ற இடங்களில் ஆக்சிஜன் குறைந்தால் குழாய் விரியும், நுரையீரலில் மட்டும் தலைகீழ். இவ்வளவு வேலை நடக்கிற இடத்தில் வினை தெரிகிற சொல் வேண்டாமா? 'இயைத்தல்' என்பதை அடுத்த பதிப்புக்காவது எடுத்துக்கொள்ளுங்கள். 'வளி' பற்றித் தனி மடலில் எழுதுகிறேன்.